லரூஸியின் வண்டி கொதித்த இடம்

எனக்கு வாய் அதிகம் என்று என் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கையும் அப்படித்தான் என்று நான் பதில் சொல்வேன். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் வண்டி பழுது பார்க்கிறேன். தாயெப் கை வைத்த வண்டி வழியில் நிற்காது என்று மஹ்தியாவிலிருந்து எல் ஜெம் வரைக்கும் பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பானேன்.

இந்த மே மாதம் முதல் வாரம், காலை பத்து மணி வாக்கில், லரூஸியின் மகள் ஷெத்லியா ஓர் இழுவை லாரியோடு என் கடை வாசலில் வந்து இறங்கினாள். லாரியின் முதுகில் வெள்ளை பெஜோ 404 கார். கோழி எச்சமும் தூசியும் சேர்ந்து நிறமே மாறிப் போயிருந்தது. ஆனாலும் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்ச் சாரியில் காபிக் கடை வைத்திருக்கும் ஸத்தார் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டான். நாற்பத்தாறு வருஷமாக அந்த வண்டியை யாரும் தெருவில் பார்த்ததில்லை. ஆளைக் கொன்ற வண்டி என்றுதான் ஊரில் அதற்குப் பெயர்.

லரூஸி எங்கள் ஊருக்கும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் நடுவே ஷேர் டாக்ஸி ஓட்டினவன். 1978 ஜூன் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, நம் நாட்டு ஆட்கள் அர்ஜெண்டினாவில் மெக்ஸிகோவோடு உலகக் கோப்பை ஆடிய நாள். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் என் வயதுக்காரன் எவனும் யோசிக்காமல் பதில் சொல்வான். டிவி இருந்த வீட்டுக்குள்ளெல்லாம் முப்பது பேர். தெருவில் ஒரு பூனை கூட இல்லை. லரூஸியின் வண்டியில் நான் இரண்டு நாளாக இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு அரை மணி இருக்கும்போதுதான் சாவியைக் கொடுத்தேன். அவனும் அவசரம், நானும் அவசரம். அவன் வீடு பதினோரு கிலோமீட்டர் தள்ளி. ஆட்டம் தொடங்குவதற்குள் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

நாம் மூன்றுக்கு ஒன்று ஜெயித்தோம். ஊரே விடிய விடிய ஆடியது. மறுநாள் வெளிச்சம் வந்தபோது, ஓடைப் பாலத்துக்கு அப்பால் ரோட்டோரத்தில் ஹமாதி என்கிற கொத்தனார் சைக்கிளோடு செத்துக் கிடந்தார். இருபத்து மூன்று வயது. தாய்மாமன் வீட்டில் ஆட்டம் பார்க்கக் கிளம்பியவர், போய்ச் சேரவே இல்லை. ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. கண்கள் எல்லாம் டிவியில் இருந்தன.

அந்த நேரத்தில் அந்த ரோட்டில் போனவன் என்று தெரிந்தது லரூஸி ஒருவன்தான். அவன் சொன்ன கதை இது. வண்டி பாலத்துக்கு இந்தப் பக்கமே, எண்ணெய்ச் செக்குத் திருப்பத்தைத் தாண்டியதும், கொதித்து இறுகி நின்றுவிட்டது. ஒலிவத் தோப்புக் குறுக்குவழியில் நடந்து வீட்டுக்குப் போனான். விடிவதற்குள் மச்சானின் கோவேறு கழுதையைக் கட்டி, அதே தோப்பு வழியாக வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தான். மச்சான் சாட்சி என்ன சாட்சி? அதோடு இன்னொன்றும் சொன்னான். இன்ஜின் கொதித்தபோதும் டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் குளிர்ச்சியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது, இல்லாவிட்டால் முன்னாலேயே நிறுத்தியிருப்பேன் என்றான். அதைக் கேட்டுக் கோர்ட்டில் சிரித்தார்கள்.

அரசாங்க வக்கீல் வேறு கதை சொன்னார். இவன் ஆளை அடித்துவிட்டு வீட்டுக்கே ஓட்டிப் போனான். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, இன்ஜின் இறுகும்வரை ஓடவிட்டுச் சாட்சி தயார் பண்ணினான். எது உண்மை என்று சொல்ல ஊரிலேயே நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

குர்ஆன் மேல் கை வைத்துவிட்டு நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. என் கையிலிருந்து போன வண்டி ஆறு கிலோமீட்டரில் கொதிக்காது. தண்ணீரை யாராவது வேண்டுமென்றே திறந்துவிட்டால்தான் அப்படி இறுகும். கொதிக்கிற இன்ஜினில் முள் தூங்காது. லரூஸியின் வக்கீல், பாவம் சின்னப் பையன், வேலை செய்யும்போது துணி கிணி எதையாவது உள்ளே மறந்து வைத்திருக்கலாமே என்று கேட்டான். நான் பையிலிருந்து ஒரு துணிப்பந்தை எடுத்துக் காட்டினேன். அழுக்கு உள்ளே விழாமல் இருக்க ஓட்டைகளில் துணி அடைப்பது வழக்கம். ஆனால் என் துணிப்பந்து ஒவ்வொன்றிலும் பழைய டைனமோவிலிருந்து எடுத்த செம்புக் கம்பியை மூன்று முறுக்கு முறுக்கி, வாலை வெளியே நீட்டிவிடுவேன். மற்ற மெக்கானிக்குகள் மறப்பார்கள், தாயெப் மறக்கவே முடியாது என்றேன். இந்தத் தடவை வக்கீலைப் பார்த்துச் சிரித்தார்கள். லரூஸிக்கு நாலு வருஷம் கிடைத்தது.

இப்போது அவன் செத்து நாற்பதாம் நாளும் கழிந்துவிட்டது. ஷெத்லியா ஸூஸாவில் பள்ளிக்கூட டீச்சர், ஐம்பது தாண்டியவள். வண்டியை இறக்கும்வரை அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஸூஸாவுல ஒருத்தரு கல்யாண ஊர்வலத்துக்கு விட பழைய வண்டி தேடுறாரு, சாச்சா. ஓடுச்சுன்னா அவருக்குக் கொடுத்துருவேன், ஓடலேன்னா இரும்புக் கடைக்கு. எனக்கு அந்தக் கொட்டகை காலியாகணும், அவ்வளவுதான்.”

“ஊர்ல வேற ஆள் இல்லியாம்மா? உங்க வாப்பா நான் நடந்த பக்கம்கூட நடக்க மாட்டாரே.”

“அவருதான் எழுதி வெச்சிருந்தாரு. அதைத் திறக்கிறதா இருந்தா தாயெப் கையாலதான் திறக்கணும்னு. ஏன்னு எனக்குத் தெரியாது. கேக்கிற மாதிரி நான் அவரோட பேசிக்கிட்டும் இல்ல.”

எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. பகையாளி கூட என் கையைத்தான் நம்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அவள் போனதும் ஸத்தார் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். “செத்தவன்கூட உன்கிட்டதான் வர்றான் உஸ்தா, இனிமே உன் தலை இந்தக் கதவுக்குள்ள நுழையாது” என்றான். நான் அவனை வாயை மூடிக்கொண்டு காபி கொண்டு வரச் சொன்னேன்.

அடுத்த பத்து நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். பழைய இன்ஜின்களோடு இருப்பது எனக்குப் பிடிக்கும். அவை எதிர்த்துப் பேசாது. காற்று வடிகட்டிக்குள் எலிக்குடும்பம் பல தலைமுறை வாழ்ந்திருந்தது. பெட்ரோல் டாங்கியில் பெட்ரோல் தார் மாதிரி உறைந்து கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நாலு துளையிலும் டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டேன். தினமும் காலையில் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிப் பார்ப்பேன். அசையவில்லை. இறுகியது இறுகியதுதான். சரி, ஹெட்டைக் கழற்றாமல் முடியாது என்று போல்ட்டுகளைச் சூடுகாட்டி, திட்டி, தட்டி, செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஹெட்டைத் தூக்கினேன்.

பிஸ்டன்கள் வெந்து, அவை ஏறி இறங்கும் லைனர் குழாயோடு ஒட்டியிருந்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் அப்படித்தான் ஆகும். ஹெட்டை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டுவிட்டு, சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும் வாயைத் துடைக்கலாம் என்று அதன் கழுத்துக் குழாயைக் கழற்றினேன். உள்ளே துரு அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். துரு உதிர்ந்தது. ஆனால் உள்ளே இருந்தது துரு இல்லை. குத்தினால் மெத்தென்று இருந்தது. இடுக்கியை விட்டுப் பிடித்து இழுத்தேன்.

முட்டை அளவுக்கு ஒரு துணிப்பந்து வந்தது. துருவில் ஊறிக் கல்லாகியிருந்தது. அதன் இடுப்பில் செம்புக் கம்பி. மூன்று முறுக்கு. வால் மடங்கி உள்பக்கமாகப் போயிருந்தது.

இடுக்கியைக் கீழே போட்டேன். கம்பியை விரலால் தடவினேன். வேறு யாருடைய முறுக்காகவாவது இருக்கட்டும் என்று தடவினேன். உலகத்தில் அப்படி முறுக்குகிற கை ஒன்றுதான். அந்தக் கைதான் தடவிக்கொண்டிருந்தது.

பிறகு புத்தி மெதுவாக, ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டது. வாய் அடைத்திருந்தால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. இன்ஜின் கொதித்து ஆறு ஏழு கிலோமீட்டரில் இறுகும். கடை வாசலில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முள்ளுக்குச் சேதி சொல்லும் சென்ஸார் எங்கே இருக்கிறது? அந்த வாய்க்கு அப்பால், கழுத்துக் குழாயில். அங்கே சுடுதண்ணீர் வரவே இல்லை. இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் குளிர்ச்சியிலேயே தூங்கியிருக்கும். அவன் சொன்னானே, அப்படியே. நாங்கள் சிரித்தோமே, அதேபடி.

அப்போதுதான் மறந்தே போய்விட்டதாக நான் நினைத்த ஒரு நாள் நினைவுக்கு வந்தது. ஜெயிலிலிருந்து வந்த மறுவாரம் லரூஸி என் கடைக்கு வந்தான். பாதி ஆளாக இருந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்து நான் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவன் சண்டை போடவில்லை. “நீ மூடினதை நீயே ஒரு தடவை திறந்து பாரு தாயெப்” என்றான். “வேற எவன் திறந்தாலும், உள்ள என்ன இருந்தாலும், நான்தான் வெச்சேன்னு சொல்லுவாங்க. நீ திறந்தா சொல்ல மாட்டாங்க.” ஆளைக் கொன்ற வண்டியில் நான் கை வைக்க மாட்டேன் என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. காகிதத்தில் மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.

பெருமை என்று நினைத்தேனே அதை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணியை எரிக்கத்தான் முதலில் நினைத்தேன். வெல்டிங் டார்ச் பக்கத்திலேயே இருந்தது. பற்றவைக்கவும் செய்தேன். லரூஸி செத்தாயிற்று, இனி யாருக்கு என்ன பயன், இந்தப் பெண்ணுக்கும் சங்கடம்தானே என்று மனசு நல்லவன் மாதிரியே பேசியது. நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. என் கை போகவில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அந்த நிலையில் என்னையே சுட்டுக்கொள்வேன் என்ற பயம்தான். டார்ச்சை அணைத்துவிட்டு, துணியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். உடம்பு சரியில்லையா என்று ஸத்தார் கேட்டதற்கு அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை ஷெத்லியா வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தாள். அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் துணிப்பந்தை மேஜைமேல் வைத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை. நான் ஒன்றையும் விடவில்லை. கோர்ட்டில் வக்கீலைப் பார்த்துச் சிரித்ததையும், ஸ்பானரைக் கையில் எடுத்ததையும், டார்ச் பற்றவைத்ததையும்கூடச் சொன்னேன்.

அவள் அழவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தவுமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல, முள் எங்கே இருக்கும், சென்ஸார் எங்கே இருக்கும் என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு பேசினாள்.

“பதினேழு வயசுல நான் அவருகிட்ட சொன்னேன். ஒரே ஒரு தடவ, நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க வாப்பா, நான் மன்னிச்சுடுறேன்னு. வண்டி கொதிச்சுதும்மான்னாரு. அப்பவும் அதேதான். என் கல்யாணத்துக்கு அவர நான் கூப்பிடல. வாராவாரம் போன் பண்ணுவாரு, எடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில இருக்காருன்னு சொன்னாங்க. பரீட்சை நேரம், வர முடியாதுன்னுட்டேன்.” துணிப்பந்தை இப்போதுதான் கையில் எடுத்தாள். “பரீட்சை எல்லாம் ஒண்ணும் இல்ல.”

மன்னித்துவிடு என்றேன். அந்த வார்த்தை என் காதுக்கே கேவலமாக இருந்தது. அவள் கேட்டமாதிரிகூடக் காட்டிக்கொள்ளவில்லை. “வண்டியை ஓட வையுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட வைத்தேன். இந்த இன்ஜினில் லைனர்களை உருவி எடுத்துவிட்டுப் புதிது இறக்கலாம். அது ஒரு வசதி. ஸஃபாக்ஸில் பழைய சாமான் கடைக்காரன் ஒருவன் டப்பா பிரிக்காத செட் ஒன்று வைத்திருந்தான். ஹெட்டைச் சமன் செய்து, வால்வுகளை உட்காரவைத்து, கார்புரேட்டரைப் பிரித்துக் கோத்தேன். இந்தத் தடவை துணிப்பந்துகளை எண்ணி வைத்தேன், எண்ணி எடுத்தேன். நாலு தடவை எண்ணினேன். இருபத்தெட்டு வயதில் செய்யாததை எழுபத்து நாலில் செய்து யாருக்கு என்ன என்று தோன்றும், ஆனாலும் எண்ணினேன்.

ஜூன் மூன்றாம் வாரம், ஷெத்லியா பக்கத்தில் நிற்க, சாவியைத் திருப்பினேன். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. நாற்பத்தாறு வருஷம் ஊமையாகக் கிடந்தது, கொஞ்சம் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு, தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் தெருவையே கூட்டியிருப்பேன். ஸத்தார் தானாகவே ஓடி வந்தான். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அவள் அரைமணி நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். முள் மெதுவாக ஏறி நடுவில் வந்து ஒழுங்காக நின்றது. பிறகு அணைக்கச் சொன்னாள்.

“இப்ப அந்தத் துணியத் திரும்ப உள்ள வெய்யுங்க.”

எனக்குப் புரியவில்லை. இன்ஜின் செத்துவிடும் என்றேன். புது லைனர், புது பிஸ்டன், ஒரு மாத வேலை, எல்லாம் போய்விடும். கேஸ்கெட் வெடிக்கும், ஹெட் வளைந்தாலும் வளையும். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பள்ளிவாசலில் எழுந்து நின்று சொல்கிறேன், எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது.

“ஒரு இன்ஜினுக்கு இவ்வளவு துடிக்கிறீங்களே, சாச்சா.”

நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் வாய் மூடியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

“நீங்க சொன்னா ஊரு நம்பும், எனக்குத் தெரியும். அப்பவும் நம்புச்சு. எனக்குப் பேச்சு வேணாம். எங்க நிக்குதுன்னு நான் பாக்கணும். ஹமாதியோட தம்பியும் கூட வந்து பாக்கணும். நீங்களே போயி அவரக் கூப்பிடுங்க.”

ஹமாதியின் தம்பி ரிதாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பெயிண்டும் ஆணியும் விற்கிறான். லரூஸி வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்பிவிட்டுத்தான் போவான். எங்கள் ஊரில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவன் கடைக்குள் போய், வாடிக்கையாளர்கள் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு சொன்னேன். அவன் என்னை அடிக்கவேண்டும் என்றே ஆசைப்பட்டேன். அவன் ஆணிப் பெட்டியை மூடினான். சுவரில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பழைய துணி தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதே அளவுக்கு ஒன்று சுற்றி, கம்பி முறுக்கி, வாலை மடக்கி, அதே வாயில் வைத்துக் கழுத்துக் குழாயை மூடினேன். தெரிந்தே இப்படிச் செய்கிற முதல் மெக்கானிக் நானாகத்தான் இருப்பேன். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பினேன்; ரிதா குனிந்து பார்த்துக்கொண்டான். தண்ணீர் திறக்கும் குழாயையும் காட்டச் சொல்லிப் பார்த்தான். நான் ஓட்டினேன். ஷெத்லியா என் பக்கத்தில். ரிதா பின்னால்.

வண்டி அருமையாகப் போனது. அதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனாலும் அருமையாகப் போனது. ஊர் எல்லை தாண்டி, கல்லறைத் தோட்டம் தாண்டி, சப்பாத்திக் கள்ளி வேலி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் ஷெத்லியா வெளியே பார்க்கவே இல்லை. அவள் கண் முள்ளில் இருந்தது. முள் கீழே, குளிர்ச்சியில், அடியோடு படுத்துக் கிடந்தது. நாலாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் சூடான பெயிண்ட் வாசனை வந்தது. ரிதாவுக்கும் வந்திருக்கவேண்டும், முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி டேஷ்போர்டைப் பார்த்தான். முள் அசையவில்லை.

எண்ணெய்ச் செக்குத் திருப்பத்தில் இன்ஜின் சத்தம் மாறியது. உள்ளே யாரோ சங்கிலியை இழுப்பதுபோல் ஒரு சத்தம். என் கால் தானாகவே பெடலிலிருந்து எழும்பியது. எடுக்காதீங்க என்றாள் ஷெத்லியா. மறுபடியும் அழுத்தினேன். ஐம்பது வருஷம் வண்டிகளைப் பிழைக்கவைத்த கால் அது. அது மரக்கட்டையாக அழுத்திக்கொண்டிருந்தது. பானட் இடுக்குகளில் ஆவி பீறிட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையானது. வண்டி இரண்டு தடவை உதறியது. பிறகு சக்கரங்கள் இறுகி, கொஞ்சம் வழுக்கி, ரோட்டோரத்து மண்ணில் நின்றது.

பாலம் இன்னும் வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் பாலம் தெரியக்கூட இல்லை.

முள் குளிர்ச்சியில் இருந்தது. ஷெத்லியா விரலை நீட்டி அதன் கண்ணாடியைத் தொட்டாள். ரிதா இறங்கினான். ஆவி அடங்கும்வரை வண்டிக்கு முன்னால் நின்றான். பிறகு ரோட்டில் நடக்க ஆரம்பித்தான். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். பாலத்துக்கு அப்பால் அவன் அண்ணன் விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். அது அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். அந்த வெயிலில், அந்தக் கோட்டோடு, போய்விட்டுத் திரும்பி வந்தான். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் வண்டியை விட்டு நகரவில்லை.

வந்தவன் ஷெத்லியா பக்கத்து ஜன்னலில் வந்து நின்றான். முகம் சிவந்து உப்பியிருந்தது. அவளைப் பார்க்காமல் கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“நாப்பத்தாறு வருசமா தப்பான வாசல்ல துப்பியிருக்கேன். எங்கண்ணனக் கொன்னவன் இந்த ஊர்லயேதான் எங்கயாவது இருந்திருப்பான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயி நான் வாய் நிறையத் தின்னுட்டும் வந்திருப்பேன்.”

ஷெத்லியா கதவைத் திறந்து இறங்கினாள். “நானும் அவரு மேல துப்பிக்கிட்டுத்தான் இருந்தேன், ரிதா அண்ணே” என்றாள்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது கேட்பார்கள் என்று நினைத்தேன். உன்னால்தானே யாருமே அவனைத் தேடவில்லை என்று கேட்டிருந்தால், ஆமாம் என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. ரிதா கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். ரோட்டோரத்து வேலியில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒலிவத் தோப்பு வழியாக லரூஸி வீட்டுக்குப் போகும் குறுக்குவழி அது. இரண்டு பேரும் அதற்குள் நுழைந்து நடந்தார்கள். மரங்களுக்கு நடுவே அவர்கள் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.